பச்சை உடம்பு – 14: சுண்ணாம்பு நிறம்

சென்ற இதழில் நீலம் பாரித்த குழந்தைகளைப் பார்த்தோம். 1944 நவம்பரில், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் பிளேலாக் கத்தியைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியின் மேல் நின்று விவியன் தாமஸ் வழி சொன்னார். அந்த நீலத்தைக் கண்ட எந்தத் தாயும் ஒரு நாள்கூடப் பொறுத்திருக்க மாட்டாள். இந்த வாரம் வரும் குழந்தையின் நிறமோ யாரையும் பயமுறுத்தாத நிறம்.

மஞ்சள். பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் கொஞ்சமாவது மஞ்சளாகத்தான் இருக்கும். ஈரல் இன்னும் வேலைக்குப் பழகவில்லை, பத்துப் பதினைந்து நாளில் தெளிந்துவிடும். காலை இளவெயிலில் காட்டு என்பார் பாட்டி. தாய்ப்பால் மஞ்சள்தான், பயப்படாதே என்பார் பக்கத்து வீட்டு அக்கா. பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். அதனால்தான் இந்த நோய் அவ்வளவு எளிதாக ஒளிந்துகொள்கிறது. ஆறாவது வாரத்திலும் இந்தக் குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, எடை போடுகிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறது. கண்ணின் வெள்ளையில் மட்டும் லேசான மஞ்சள் தங்கியிருக்கிறது. சிறுநீர் துணியில் கறைபடும் அளவுக்கு அடர்ந்திருக்கிறது. மலம் மட்டும் மஞ்சளாக இல்லை. அது வெளிறி, சந்தனக் குழம்பு போலவும், நாள்பட நாள்படச் சுண்ணாம்பு போலவும் ஆகிவிடுகிறது.

ஈரலில் ஊறும் பித்தநீர் மெல்லிய குழாய்கள் வழியாகக் குடலுக்கு இறங்க வேண்டும். மலத்துக்கு நிறம் கொடுப்பது அதுதான். கொழுப்பைச் செரிக்க வைப்பதும், கொழுப்பில் கரையும் வைட்டமின்களை உடலில் சேர்ப்பதும் அதுதான். சில குழந்தைகளுக்குப் பிறப்பை ஒட்டிய நாட்களில் ஈரலுக்கு வெளியே உள்ள பித்தக் குழாய்கள் அழன்று, தழும்பேறி, இறுகி, துளையே இல்லாத நார்க்கயிறு ஆகிவிடுகின்றன. மருத்துவர்கள் இதைப் பிலியரி அட்ரீசியா என்கிறார்கள். இறங்க வழியில்லாத பித்தநீர் ஈரலுக்குள்ளேயே தேங்கி அதை அரிக்கிறது. அப்படியே விட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டாவது பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 15,000 முதல் 18,000 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது. ஜப்பானில் ஏறத்தாழ 10,000-க்கு ஒன்று. தைவானில் அதைவிடவும் கூடுதல்.

வைட்டமின் கே சேராததால் இரத்தம் உறையாமல் போய், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மூளைக்குள் இரத்தம் கசிந்து மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளும் உண்டு. கொழுகொழுவென்று இருந்த பிள்ளைக்கு என்ன ஆனது என்று வீடே திகைத்து நிற்கும்போதுதான் முதன்முதலாக யாரோ ஒருவர் மலத்தின் நிறத்தைக் கேட்பார்.

இந்த நோயின் எழுதப்பட்ட வரலாறு எடின்பரோவில் தொடங்குகிறது. அங்கே குழந்தை மருத்துவராக இருந்த ஜான் தாம்சன், அதுவரை மருத்துவ ஏடுகளில் சிதறிக் கிடந்த ஏறத்தாழ 50 குழந்தைகளின் குறிப்புகளைத் திரட்டி 1892-இல் ஒரு நூலாக்கினார். அந்தக் காலத்தில் நோயை உறுதிசெய்ய ஒரே வழி, குழந்தை இறந்த பிறகு வயிற்றைத் திறந்து பார்ப்பதுதான். தாம்சனின் பக்கங்களில் சிகிச்சை என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்தை அவர் கண்டுகொண்டிருந்தார். எல்லாக் குழந்தைக்கும் அடைப்பு ஒரே இடத்தில் இல்லை, ஒரே அளவிலும் இல்லை. முழுமையாக உருவாகாத குழாய் என்பதைவிட, உருவான பிறகு மெல்ல அழிந்துவரும் குழாய் என்றே அது அவருக்குத் தோன்றியது. அந்தச் சந்தேகத்தின் மதிப்பு தெரிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹோம்ஸ் என்ற மருத்துவர் நூற்றுக்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை வைத்துக் கணக்குப் போட்டார். ஈரலை ஒட்டி ஒரு துண்டுக் குழாயாவது திறந்திருந்தால் அதைக் குடலோடு இணைத்துத் தைத்துவிடலாமே என்று யோசித்தார். அப்படித் தைக்கத் தோதான குழந்தைகள் சுமார் 16 சதவீதம் இருந்திருப்பார்கள் என்று கண்டார். நல்ல எண்ணத்தில் போட்ட கணக்கு அது. சாவைத் தவிர வேறெதையும் எதிர்பார்க்காத ஒரு நோயில், ஆறில் ஒரு குழந்தையைக் காப்பாற்றலாம் என்று சொன்ன முதல் குரல் அவருடையது. ஆனால் அந்தக் கணக்கு இன்னொரு வேலையும் செய்தது. குழந்தைகள் இரண்டு கூடைகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு கூடைக்குச் ‘சரிசெய்யக்கூடியது’ என்று பெயர். மற்றதற்குச் ‘சரிசெய்ய முடியாதது’ என்று பெயர். அடுத்த நாற்பது ஆண்டுகள் அந்த இரண்டாவது பெயர்தான் அறுவை மேசையில் முடிவெடுத்தது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் வில்லியம் லாட் 1928-இல் முதல் வெற்றிகளை அறிவித்தார். குழந்தை அறுவை மருத்துவம் என்று தனியாக ஒரு துறையே அமெரிக்காவில் உருவாகக் காரணமானவர் அவர். துண்டுக் குழாய் கிடைத்த குழந்தைகளுக்கு அதைக் குடலோடு இணைத்தார், சிலர் பிழைத்தார்கள். செய்தி பரவியது. எல்லோரும் வயிற்றைத் திறந்து குழாயைத் தேடினார்கள். பெரும்பாலும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் மூடித் தைத்து, பெற்றோரிடம் கையை விரிப்பதுதான் வழக்கம்.

சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஈரலுக்குள் உலோகக் குழாய்களைச் செருகிப் பார்த்தவர்கள் உண்டு. ஈரலின் ஓரத்தை அறுத்துவிட்டு அந்த வெட்டுப்பரப்பைக் குடலோடு தைத்துப் பார்த்தவர்கள் உண்டு. எதுவும் நிலைக்கவில்லை. இவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். ஈரலின் வாயிலில், இரத்தக் குழாய்கள் உள்ளே நுழையும் இடத்தில், பித்தக் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் கிடந்த அந்த நார்த் தழும்பை யாரும் பொருட்படுத்தவில்லை. கண்ணுக்குத் துளை தெரியாத தழும்பை எதற்குத் தொட வேண்டும்?

அதைத் தொட்டவர் ஜப்பானின் வடகிழக்கில், செண்டாய் நகரில் இருந்தார்.

மோரியோ கசாய் 1922-இல் அவோமோரி மாவட்டத்தில் பிறந்தவர். பனி ஆளுயரத்துக்குக் கொட்டும் வட்டாரம். 1947-இல், போரில் தோற்று நொறுங்கிக் கிடந்த நாட்டில், தோஹொகு பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை முடித்து அங்கேயே அறுவைத் துறையில் சேர்ந்தார். குழந்தை அறுவை மருத்துவர் என்ற தனிப் பதவி அப்போது ஜப்பானில் இல்லை. பெரியவர்களின் வயிற்றையும் உணவுக்குழலையும் அறுத்த அதே கைகளிடம்தான் குழந்தைகளும் வந்தார்கள்.

1955-இல் 72 நாள் ஆன ஒரு குழந்தை அவரிடம் வந்தது. வயிற்றைத் திறந்தார். தைப்பதற்குத் தோதான குழாய் எதுவும் இல்லை. இரண்டாவது கூடைக் குழந்தை. ஈரல் வாயிலில் தழும்பை அறுத்துத் தேடியபோது இரத்தம் கசிந்தது என்றும், அதை அடக்கப் பக்கத்திலிருந்த சிறுகுடலின் தொடக்கப் பகுதியை இழுத்து அந்த இடத்தின்மேல் வைத்துத் தைத்தார் என்றும், பித்தநீர் வரும் என்று அவர் அப்போது எதிர்பார்க்கவில்லை என்றும் ஒரு கதை குழந்தை அறுவை மருத்துவர்களிடையே வழங்குகிறது. நடந்தது முழுக்க அப்படித்தானா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அறுவைக்குப் பிறகு அந்தக் குழந்தையின் மலத்தில் நிறம் வந்தது. மஞ்சள் தெளிந்தது.

இந்த இடத்தில் நான் கசாயை வணங்குகிறேன். தற்செயலாக ஒரு நல்லது நடந்தால் அதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. அவர் அந்தத் தழும்பை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். அடுத்தடுத்த குழந்தைகளிடமிருந்து வெட்டியெடுத்த தழும்புகளையும் அடுக்கடுக்காகச் சீவிப் பார்த்தார். கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிந்த நாருக்குள் மயிரிழையினும் மெல்லிய பித்த நுண்குழாய்கள் இருந்தன. அவை ஈரலுக்குள்ளிருக்கும் குழாய்களோடு தொடர்பில் இருந்தன. பிறந்த முதல் வாரங்களில் அவை திறந்திருந்தன. வயது கூடக் கூட ஒவ்வொன்றாக அடைபட்டு மறைந்தன. எடின்பரோ தாம்சனின் பழைய சந்தேகம் இங்கே கண்ணால் கண்ட சான்று ஆயிற்று. குழாய் இல்லாமல் பிறந்த குழந்தைகள் அல்லர் இவர்கள். குழாயை நாளுக்கு நாள் இழந்துகொண்டிருக்கும் குழந்தைகள்.

அப்படியானால் செய்ய வேண்டியது தெளிவு. தழும்புக் கூம்பை ஈரலின் வாயில்வரை பின்தொடர்ந்து போக வேண்டும். ஈரலுக்குள் இரத்தம் கொண்டுவரும் பெருங்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், ஈரலின் மேற்பரப்போடு ஒட்டி, அதற்குள் ஆழமாகப் போகாமலும் மேலே மிச்சம் வைக்காமலும் அந்தக் கூம்பைச் சீவியெடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் பயனில்லை. பிறகு சிறுகுடலில் ஒரு நீளத்தை வெட்டி மேலே கொண்டுவந்து அந்தச் சீவிய பரப்பைச் சுற்றித் தைக்க வேண்டும். குழாயோடு குழாயை இணைப்பது அல்ல இது. ஊற்றுக்கண் இருக்கும் இடத்தைச் சுற்றித் தொட்டி கட்டுவது போன்றது. நுண்குழாய்கள் கசியவிடும் பித்தநீர் குடலில் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

1959-இல் கசாயும் சுசுகியும் இதை ஒரு ஜப்பானிய அறுவை மருத்துவ இதழில் எழுதினார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே ‘சரிசெய்ய முடியாத’ என்ற அந்தப் பழைய சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு நிறுத்தியிருந்தார்கள்.

மேற்குலகம் அதைப் படிக்கவில்லை. மொழி ஒரு காரணம். 1968-இல் ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய பிறகும் பலர் நம்பவில்லை. ஈரல் வாயிலில் தழும்பைச் சீவிக் குடலைத் தைத்தால் பித்தநீர் வரும் என்பது உடற்கூற்றியல் படித்தவர்களுக்குப் பொருந்தாத பேச்சாக இருந்தது. பிழைத்த குழந்தைகளுக்கு இந்த நோயே இருந்திருக்காது என்றார்கள் சிலர்.

அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு வரும் ஈரல் அழற்சி ஒன்று உண்டு. அதிலும் இதே மஞ்சள், இதே வெளிறிய மலம். ஆனால் குழாய் அடைபடுவதில்லை, பல குழந்தைகள் தாமாகவே தேறிவிடுவார்கள். அந்தக் குழந்தைகளின் வயிற்றைத் தேவையில்லாமல் திறந்தால் மயக்க மருந்தும் அறுவையும் ஈரலைக் கெடுக்கும் என்ற அச்சம் இருந்தது. கசாயின் ஆங்கிலக் கட்டுரை வந்த அதே 1968-இல், அமெரிக்காவின் தாலரும் கெல்லிஸும் தங்கள் ஆய்வை வெளியிட்டு, அறுவை ஆய்வை நான்கு மாதம் ஆகும்வரை தள்ளிப்போடுவது நல்லது என்று பரிந்துரைத்தார்கள். காத்திருந்தால் அழற்சிக் குழந்தைகள் தேறிவிடுவார்கள். தேறாதவர்கள் எப்படியும் ‘சரிசெய்ய முடியாதவர்கள்’தானே.

ஒரே ஆண்டில் இரண்டு கட்டுரைகள். செண்டாயிலிருந்து வந்தது, அறுபது நாளுக்குள் அறுத்தால் பிழைக்கலாம் என்றது. அமெரிக்காவிலிருந்து வந்தது, நூற்றிருபது நாள் பொறு என்றது. இரண்டு தரப்பும் குழந்தையின் நலனைத்தான் நாடின. ஆனால் அந்த நூற்றிருபது நாளில் நுண்குழாய்கள் மறைந்துவிடும் என்பது ஒரு தரப்புக்கு மட்டுமே தெரிந்திருந்தது. மெதுவாகக் கதவடைக்கும் ஒரு நோயில், நிதானம் என்ற பெயரில் எத்தனை குழந்தைகளுக்கு முன்னால் கதவு மூடியிருக்கும் என்று எண்ணும்போது எனக்கு இன்னமும் மனம் ஆறவில்லை.

1970-களில் நிலை மாறத் தொடங்கியது. அமெரிக்காவில் அலெக்ஸாண்டர் பில், ஜான் லில்லி, பீட்டர் ஆல்ட்மன் போன்றவர்கள் கசாய் முறையைக் கையில் எடுத்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அறுவை மருத்துவர் எட்வர்ட் ஹோவர்டும் குழந்தை ஈரல் மருத்துவர் அலெக்ஸ் மோவாட்டும் சேர்ந்து அதை ஒரு முழுமையான சிகிச்சை ஒழுங்காக வளர்த்தார்கள். செய்து பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நம்பினார்கள். ‘கசாய் ஆபரேஷன்’ என்ற பெயர் உலகெங்கும் நிலைத்தது.

கசாய் தம் வாழ்நாள் முழுவதும் மலையேறியவர். 1986-இல் திபெத்தின் நியென்சென் தாங்லா சிகரத்தில், 7,162 மீட்டர் உயரத்தில், முதன்முதலாகப் பட்ட மனிதக் கால் தோஹொகு பல்கலைக்கழகக் குழுவினுடையது. குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனவர் அறுபதைத் தாண்டிய கசாய். 2008 டிசம்பரில், 86 வயதில் மறைந்தார்.

இந்த அறுவை முழு நிவாரணம் அன்று. மிகத் திறமையான கைகளிலும் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கே மஞ்சள் முழுதாகத் தெளிகிறது. தைத்த குடல் வழியாகக் கிருமிகள் ஈரலுக்கு ஏறிக் காய்ச்சல் வரும், ஒவ்வொரு காய்ச்சலும் மிச்சமிருக்கும் குழாய்களில் சிலவற்றைத் தின்றுவிட்டுப் போகும். பித்தநீர் நன்றாக இறங்கும் குழந்தைக்கும் ஈரல் தழும்பேறுவது முற்றிலும் நிற்பதில்லை. வளர்ந்து பெரியவர்களாகித் தம் சொந்த ஈரலோடு பிள்ளை பெற்ற பெண்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. பள்ளி வயதிலேயே ஈரல் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

யார் கத்தி பிடிக்கிறார் என்பதும் முடிவை மாற்றுகிறது என்பதை நிரூபித்தது பிரிட்டன். 1993 முதல் 1995 வரை இரண்டு ஆண்டுகளில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இந்த நோயோடு பிறந்த 93 குழந்தைகளை ஒரு குழு பின்தொடர்ந்தது. அவர்களுக்கு அறுவை நடந்தது 15 மருத்துவமனைகளில். ஆண்டுக்கு ஐந்து குழந்தைகளுக்கு மேல் பார்த்த இடங்களில் பிழைத்தவர்கள் அதிகம். எப்போதாவது ஒன்று பார்த்த இடங்களில் குறைவு. முடிவு வெளியே வந்ததும் அரசு தயங்கவில்லை. 1999 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் குழந்தைகள் அனைவரும் லண்டன், பர்மிங்காம், லீட்ஸ் ஆகிய மூன்றே மையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அதன்பின் வந்த 148 குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு மஞ்சள் தெளிந்தது. நான்கு ஆண்டு உயிர்வாழ்வு, மாற்று ஈரல் பெற்றவர்களையும் சேர்த்து, 89 சதவீதம். புது மருந்தோ புதுக் கருவியோ இல்லை. பழகிய கையிடம் குழந்தையைக் கொண்டுசேர்த்ததன் பலன் அது.

புது மருந்து ஒன்றையும் முயன்று பார்த்தார்கள். அறுவைக்குப் பிறகு ஸ்டீராய்டு கொடுத்தால் அழற்சி அடங்கிப் பித்தநீர் கூடுதலாக இறங்கும் என்று பலர் நம்பினார்கள், கொடுத்தும் வந்தார்கள். அமெரிக்காவில் 14 மையங்கள் சேர்ந்து 140 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தன. ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு, மறுபாதிக்கு அதே தோற்றமுள்ள வெறும் மருந்து. 2014-இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் பித்தநீர் நன்றாக இறங்கியவர்கள் 58.6 சதவீதம், மறுபக்கம் 48.6 சதவீதம். பார்க்க ஆசை தரும் இடைவெளிதான். ஆனால் தற்செயலாகவே வந்துவிடக்கூடிய அளவுதான் அது என்றது புள்ளியியல். ஸ்டீராய்டு பெற்ற குழந்தைகளுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் முன்னதாகவே வந்தன. நோயுற்ற பச்சைக் குழந்தையை ஆய்வில் சேர்க்கச் சம்மதித்த அந்த 140 வீடுகளின் பெற்றோரை நினைத்துக்கொள்கிறேன். பலனில்லை என்ற விடையையும் அவர்கள்தான் நமக்கு வாங்கித் தந்தார்கள்.

கசாய் அறுவை கைவிட்ட குழந்தைக்கு ஈரல் மாற்று. அதன் முழுக் கதையைத் தனி இதழில் சொல்ல வேண்டும். இங்கே இரண்டு மூன்று நாட்களை மட்டும் குறித்துக்கொள்வோம். 1963 மார்ச் 1 அன்று டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் மனிதருக்குச் செய்த முதல் ஈரல் மாற்று, பிலியரி அட்ரீசியா இருந்த மூன்று வயதுக் குழந்தைக்குத்தான். இரத்தப்போக்கை நிறுத்த முடியாமல் குழந்தை அறுவை மேசையிலேயே இறந்தது. உடல் மாற்று உறுப்பை ஏற்கச் செய்யும் சைக்ளோஸ்போரின் 1980-களில் புழக்கத்துக்கு வந்த பிறகே இந்தச் சிகிச்சை காலூன்றியது. 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரஸல் ஸ்ட்ராங், ஒரு ஜப்பானியத் தாயின் ஈரலில் ஒரு பங்கை எடுத்து அவருடைய மகனுக்கு வைத்தார். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுப்பதற்கு அப்போது ஜப்பானில் சட்டத்தில் இடமில்லை. கடல்கடந்து போன அந்தத் தாயும் மகனும், உயிரோடிருக்கும் ஒருவர் கொடுத்த ஈரலால் ஒரு குழந்தை நிலைத்து வாழ முடியும் என்பதை முதலில் காட்டினார்கள்.

1998 நவம்பரில் அந்த வழி நம் வீட்டு வாசலுக்கு வந்தது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயது நிறையாத ஓர் ஆண் குழந்தை. இதே நோய். டெல்லி இந்திரபிரஸ்தா அப்பல்லோ மருத்துவமனையில் தந்தையின் ஈரலில் ஒரு பங்கு மகனுக்கு வைக்கப்பட்டது. இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று அதுதான். அந்தப் பிள்ளை வளர்ந்தான், படித்தான், இன்று மருத்துவர்.

ஆனாலும் ஈரல் மாற்றுக்குப் போக வேண்டிய குழந்தைகளைக் குறைக்க, போனாலும் வளர்ந்த பிறகு போக, வழி ஒன்றுதான். கசாய் சொன்ன நாட்களுக்குள் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். கருவிகள் இல்லாமல் இல்லை. ஐசோடோப்பு ஸ்கேன் இருக்கிறது, ஈரல் திசுப் பரிசோதனை இருக்கிறது. 1996-இல் கொரிய மருத்துவர்கள் அல்ட்ராசவுண்டில் ஈரல் வாயிலில் தெரியும் முக்கோண வடிவத் தழும்பை ஓர் அடையாளமாகச் சொன்னார்கள். கடைசி உறுதி, அறுவை மேசையில் பித்தப்பைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. இவ்வளவும் குழந்தை மருத்துவமனைக்கு வந்த பிறகுதான் பயன்படும். அதற்குமுன் அந்தக் குழந்தையைப் பார்ப்பவர்கள் அம்மாவும் பாட்டியும்தான்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அகிரா மத்சுயி. ஜப்பானின் தொச்சிகி மாவட்டத்தில் அவர் ஓர் அட்டையை அச்சடித்தார். மலத்தின் நிறங்கள் வரிசையாக, எண்களோடு. வெளிறியவை இந்தப் பக்கம், இயல்பானவை அந்தப் பக்கம். ஒரு மாதக் குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுவரும் தாய், தன் பிள்ளையின் மலத்துக்கு ஒத்த எண்ணைக் குறித்து அட்டையைத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான். 1994 முதல் 2011 வரை 3,13,230 குழந்தைகள் இந்த அட்டையின் கீழ் வந்தார்கள். 34 பேருக்கு நோய் இருந்தது. நான்கில் மூன்று பங்குக்கு மேல் அட்டையே காட்டிக்கொடுத்தது. நோயில்லாத குழந்தையை நோயென்று சொன்னது மிக அரிது. 2012 முதல் ஜப்பானில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கிடைக்கும் தாய்சேய்க் கையேட்டில் அந்த அட்டை இருக்கிறது.

தைவான் அந்த யோசனையை வாங்கி நாடு முழுவதற்கும் விரித்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி குழந்தைகளின் ஈரல் புற்றுநோயைக் குறைக்கிறது என்று உலகுக்குக் காட்டிய மெய்-ஹ்வே சாங்தான் இதற்கும் முன்நின்றவர். 2004 முதல் ஒவ்வொரு குழந்தையின் சுகாதாரக் கையேட்டிலும் நிற அட்டை சேர்ந்தது. அதற்குமுன் 60 நாளுக்குள் கசாய் அறுவை கிடைத்தவர்கள் 49.4 சதவீதம். பிறகு 65.7 சதவீதம். ஐந்து ஆண்டு உயிர்வாழ்வு 55.7 சதவீதத்திலிருந்து 89.3 சதவீதத்துக்கு ஏறியது. ஒரு தாள், சில நிறங்கள், ஒரு தாயின் கண். இந்தத் தொடரில் நாம் பார்த்துவரும் கண்டுபிடிப்புகளில் இவ்வளவு மலிவாக இவ்வளவு உயிரைக் காத்தது வேறொன்று எனக்குத் தெரியாது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் சஞ்சீவ் ஹர்பாவத் இன்னொரு வாசலைத் தட்டினார். இந்த நோயுள்ள குழந்தைகளின் பிறந்த நாள் இரத்தக் குறிப்புகளைத் தேடிப் பார்த்தபோது, டைரக்ட் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியின் அளவு முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே கூடியிருந்தது தெரிந்தது. மலம் வெளிறுவதற்கு முன்பே, மஞ்சள் யார் கண்ணுக்கும் தோன்றுவதற்கு முன்பே. பிறந்ததும் ஒரு முறை, இரண்டு வாரத்தில் மறுமுறை என்று இரண்டு கட்டமாகப் பார்த்தார்கள். கசாய் அறுவை நடக்கும் சராசரி வயது 56 நாளிலிருந்து 36 நாளாக இறங்கியது.

நோய் ஏன் வருகிறது என்பதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. கருவிலேயே தொடங்குகிறது என்பதற்கு ஹூஸ்டன் இரத்த அளவுகள் சான்று. எதிர்பாராத ஒரு துப்பு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நியூ சவுத் வேல்ஸில் பரின்ஜக் என்றோர் அணை. வறட்சியில் நீர் வற்றித் தரை தெரியும் ஆண்டுகளில் அங்கே ஒரு களைச்செடி மண்டும். சினை ஆட்டு மந்தைகள் அதை மேயும். அந்த ஆண்டுகளில் பிறந்த குட்டிகள் மஞ்சளாகப் பிறந்து, பித்தக் குழாய் அடைபட்டு இறந்தன. விஞ்ஞானிகள் அந்தச் செடியிலிருந்து ஒரு நஞ்சைப் பிரித்தெடுத்து 2015-இல் பிலியாட்ரெசோன் என்று பெயரிட்டார்கள். மனிதத் தாய்மார்கள் அந்தச் செடியைத் தின்பதில்லை. ஆனால் தாய் வழியாகப் போகும் ஒரு பொருள், தாய்க்கு ஒன்றும் செய்யாமல், சிசுவின் பித்தக் குழாயை மட்டும் அழிக்க முடியும் என்பதை அந்த ஆட்டுக்குட்டிகள் காட்டின.

நம் நாட்டில் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் அறுபது நாளைத் தாண்டித்தான் அறுவை மருத்துவரிடம் வருகிறார்கள். வெயிலில் காட்டியது சில வாரம், கீழாநெல்லி அரைத்துத் தாய் குடித்தது சில வாரம், சரியாகிவிடும் என்று ஒரு மருத்துவரே சொன்னதைக் கேட்டுக் காத்திருந்தது சில வாரம். நம் வீடுகளில் கைக்குழந்தைக்குப் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துப் போடும் வழக்கம் இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. நிறம் பார்க்க அதைவிட நல்ல தாள் கிடையாது. பிறந்து பதினான்கு நாள் தாண்டியும் குழந்தை மஞ்சளாக இருந்தால், அந்தத் துணியைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். மலம் வெளிறியிருந்தால், துவைக்காமல் அதையே மடித்து எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். மொத்தப் பிலிருபினோடு டைரக்ட் பிலிருபினையும் பார்க்கச் சொல்லி அங்கே கேட்க வேண்டும்.

(தொடரும்)